காவிரிக் கரையில் டைனமோ

தஞ்சை ஜில்லாவைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் கல்லணையையும் பெரிய கோயிலையும் சரஸ்வதி மகாலையும் மேட்டூரிலிருந்து வரும் தண்ணீரையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்த ஜில்லாவின் ரஸ்தாக்களில் நூறாண்டுக்கு மேலாக ஓடிவரும் மோட்டார் வாகனங்களை இரவில் வெளிச்சத்தோடும் விடியற்காலையில் உயிரோடும் வைத்திருந்த ஒரு சிறு தொழிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவரைக்கூட நான் கண்டதில்லை. இஞ்சினைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குக்கு ஊரில் என்றைக்கும் ஒரு கௌரவம் உண்டு. பிஸ்டனும் கிராங்கும் கண்ணால் காணக்கூடிய பொருள்கள், அவற்றின் தேய்மானமும் விரலுக்குத் தட்டுப்படும். பேட்டரியும் டைனமோவும் கட்-அவுட்டும் பார்க்கிற எலக்ட்ரீஷியனோ, காணாத ஒன்றைக் கணக்கால் மட்டுமே தேடவேண்டியவர், தேடிக் கண்டுபிடித்துவிட்டாலும், “ஒரு ஒயரைத் தொட்டார், சரியாகிவிட்டது, இதற்கா இவ்வளவு கூலி?” என்று கேட்கிற முதலாளியைச் சமாளிக்க வேண்டியவர்.

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-வாக்கில் பஸ் விட்ட காலத்தில், மோட்டார் வண்டி என்பது மின்சாரத்தைப் பெரும்பாலும் அறியாத யந்திரமாகவே இருந்தது. முன்புறம் ஹேண்டிலைச் செருகிச் சுழற்றி இஞ்சினைக் கிளப்ப வேண்டும், முகப்பு விளக்குக்குக் கார்பைடு கல்லின்மீது தண்ணீரைச் சொட்டவிட்டு எழுகிற வாயுவைக் கொளுத்த வேண்டும், பக்கவிளக்குகளுக்கு மண்ணெண்ணெய். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி ஒன்றுக்கு மட்டும் மாக்னெட்டோ என்ற கருவி போதும். அதற்குப் பேட்டரி தேவையில்லை. அதே 1912-இல்தான் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் அமைத்துக் கொடுத்த செல்ஃப் ஸ்டார்ட்டரோடு காடிலாக் கார்கள் விற்பனைக்கு வந்தன. கைமுறிவுக்கு அஞ்சி ஹேண்டிலைத் தொடாதவர்களும் கார் ஓட்டலாம் என்ற சௌகரியம் அதனால் பிறந்தது. ஆனால் ஸ்டார்ட்டர் சுழலப் பேட்டரி வேண்டும், பேட்டரி நிரம்ப டைனமோ வேண்டும், டைனமோ எவ்வளவு கொடுக்கலாம் என்று கட்டுப்படுத்த இன்னொரு கருவி வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைகள் தொடர்ந்தன. அந்தத் தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வண்டி நிற்கும் என்ற புதிய சங்கடமும் கூடவே பிறந்தது.

இடைக்காலத்தில் உலகெங்கும் மலிந்திருந்த ஃபோர்டு ‘டி’ வண்டியின் விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1915 முதல் அவை இஞ்சினின் சக்கரத்தோடு இணைந்த மாக்னெட்டோவிலிருந்தே மின்சாரம் பெற்றன; ஆகையால் இஞ்சின் வேகமாகச் சுழன்றால் வெளிச்சம் பொங்கும், மெதுவாகச் சுழன்றால் மங்கும். நல்ல ரஸ்தாவில் வேகமாகப் போகும்போது பிரகாசித்துவிட்டு, பள்ளம் மேடு பார்த்து மெதுவாகப் போகவேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் விளக்கை, வாய்க்கால் கரைமீது இரவில் வண்டி ஓட்டுகிற மனிதர் எப்படி ஆசீர்வதித்திருப்பார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பின்னால் வந்த ஆறு வோல்ட் அமெரிக்கக் கார்கள் மூன்றாவது பிரஷ் என்ற ஏற்பாட்டோடு வந்தன. டைனமோவின் உள்ளே சாதாரணமாக இருக்கும் இரண்டு கார்பன் பிரஷ்களோடு நகர்த்தக்கூடிய மூன்றாவதொன்றை வைத்து, அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளி மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தார்கள். ஏற்பாடு எளிது, ஆனால் பேட்டரி நிரம்பியிருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்பதை அது அறியாது. பகலில் விளக்கில்லாமல் நெடுந்தூரம் ஓடினால் நிரம்பிய பேட்டரிக்கே மேலும் மேலும் ஏற்றி, ஆசிட்டைக் கொதிக்கவைத்து நீரை வற்றச் செய்யும். இரவில் விளக்குப் போட்டு ஓடினால் போதாமல் போகும். சீதளமான தேசங்களில் வகுக்கப்பட்ட அந்த அளவு, சித்திரை வெயிலில் தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் போய்வருகிற வண்டிக்குப் பொருந்தவே இல்லை. பிரஷ்ஷை எவ்வளவு தள்ளிவைப்பது என்பதை வண்டியின் எஜமானர் பகலில் போகிறவரா இரவில் போகிறவரா என்று விசாரித்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது. வைத்தியர் நாடி பார்க்குமுன் ஆகார வழக்கத்தைக் கேட்பதுபோல, கேள்வி கேட்டுத் தொடங்கும் சம்பிரதாயம் இந்தத் தொழிலில் அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் அபிப்பிராயம்.

டெல்டாவின் பூமி அமைப்பே டைனமோவுக்கு விரோதமானது. பழைய டைனமோ குறைந்த வேகத்தில் எதுவுமே கொடுக்காது. இஞ்சின் மந்தமாக ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு, இக்னிஷன் எல்லாவற்றையும் பேட்டரியே தாங்கவேண்டும். இங்கேயோ ரஸ்தாக்கள் ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் பற்றிக்கொண்டு வளைந்து வளைந்து போகின்றன. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று சில மைலுக்கொரு பாலம். பாலத்துக்குப் பாலம் வேகத்தைக் குறைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் அடியில் லாந்தரைத் தொங்கவிட்டுக்கொண்டு நெல்மூட்டை வண்டிகள் சாரிசாரியாகப் போகும். மாடு எப்போது ஒதுங்குகிறதோ அப்போதுதான் மோட்டாருக்கு வழி. ரயில்வே கேட்டில் நின்றால் திறக்கிறவரை நிற்க வேண்டியதுதான்.

இதையெல்லாம்விட ஐப்பசி மழை. மாயவரத்தில் துலா ஸ்நானத்துக்கு ஜனங்கள் திரளுகிற, கல்யாண முகூர்த்தங்களும் கூடிவருகிற அந்த மாதத்தில்தான் வடகிழக்குப் பருவக்காற்று ஓங்கி அடிக்கிறது. பன்னிரண்டு வோல்ட் வண்டி ஒன்றின் இரண்டு முகப்பு விளக்குகளுக்கு ஏழு, எட்டு ஆம்பியர். பின்விளக்கு, நம்பர் விளக்கு முதலானவற்றுக்கு இரண்டு. இக்னிஷன் காயிலுக்கு மூன்று. வைப்பருக்கு இரண்டு மூன்று. ஆக மொத்தம் சுமார் பதினைந்து. அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ முழுவேகத்தில் கொடுத்ததோ சுமார் இருபது. சேற்றில் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டும், நடுநடுவே நின்றுகொண்டும் நாலு மணி நேரம் போனால், ஐம்பது ஆம்பியர்-மணி பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்? கல்யாண கோஷ்டியைச் சத்திரத்து வாசலில் இறக்கிவிட்டு இஞ்சினை நிறுத்தினால், மறுபடி செல்ஃப் எடுக்காது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி தள்ளிய காட்சிகளுக்கு டைனமோவின் குற்றத்தைவிட ரஸ்தாவின் குற்றமே பெரிது.

பேட்டரிக்கு மின்னூட்டம் ஏற்றும் கடைகள் மோட்டாரை மட்டும் நம்பி ஜீவித்தவை அல்ல. மேட்டூர் மின்நிலையம் 1937-இல் உற்பத்தியைத் தொடங்கிய பின்பும் கிராமங்களுக்கு மின்கம்பம் வந்துசேர நெடுநாள் ஆயிற்று. 1939-ஆம் வருஷம் மே 16-ஆம் தேதி திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியதும், கச்சேரி கேட்க ஆசைப்பட்ட மிராசுதார் வீடுகளில் பேட்டரியால் இயங்கும் ரேடியோப் பெட்டிகள் இடம்பிடித்தன. பேட்டரி இறங்கியதும் வில்வண்டியில் ஏற்றிப் பக்கத்துப் பட்டணத்துக்கு அனுப்புவார்கள். பொதுக்கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்களும், திருவிழாவுக்கு மைக் செட் கொண்டுபோகிறவர்களும் அதே கடைக்கே வந்தார்கள். கட்சிகள் மேடையில் ஒன்றையொன்று ஏசிக்கொண்டன. அவற்றின் பேட்டரிகள் மட்டும் ஒரே பலகையில் அருகருகே உட்கார்ந்து சார்ஜ் ஏறின.

அக்கடைகளில் வேலை செய்தவர்களுடைய வேஷ்டியைப் பார்த்தாலே தொழில் தெரியும். ஆசிட் தெறித்த இடமெல்லாம் சல்லடைக் கண்ணாக இருக்கும். பேட்டரியைத் தூக்கி எறிகிற வழக்கமும் அப்போது இல்லை. கறுத்த ரப்பர்ப் பெட்டியின்மேல் ஊற்றியிருக்கும் கீலை உருக்கி எடுத்து, கெட்ட அறையின் ஈயத் தகடுகளை வெளியே இழுத்து, நடுவே வைத்திருக்கும் மரத் தடுப்புகளை மாற்றி, புதுத் தகடு பற்றவைத்து, மறுபடியும் கீல் ஊற்றி மூடுவார்கள். ஈயப்புகை எவ்வளவு கெடுதல் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சிக்கனத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்த சின்னப் பெட்டியைத்தான் பொதுவில் கட்-அவுட் என்று சொல்லிவந்தார்கள். உள்ளே இரண்டு காந்தச் சுருள்கள். ஒன்று, டைனமோவின் அழுத்தம் பன்னிரண்டே முக்கால், பதிமூன்று வோல்ட்டை எட்டிய பிறகே பேட்டரிக்கு வழிதிறந்து, அழுத்தம் குறைந்தவுடன் அடைத்துவிடும். இல்லாவிட்டால் நிற்கிற வண்டியின் பேட்டரி, டைனமோவின் வழியாகத் தானே காலியாகிவிடும். கடைமடையில் ஆற்றுநீரை வெளியே விட்டுக் கடல்நீரை உள்ளே விடாமல் தடுக்கிற மதகைக் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டியதில்லை. மற்றொன்று, பேட்டரி நிரம்ப நிரம்ப டைனமோவின் ஃபீல்டுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து, மூன்றாம் பிரஷ் காலத்துக் கொதிப்பு வராமல் பார்த்துக்கொள்ளும்.

இப்போது பரீட்சை முறைக்கு வருவோம். இதுவே இத்தொழிலின் ஹிருதயம். “பேட்டரி இறங்கிப்போச்சு மேஸ்திரி” என்று டிரைவர் சொன்னால், “இறங்கலே தம்பி, ஏறவே இல்லே” என்று பதில் சொல்லும் முதியவர்களைக் கேட்டிருக்கிறேன். பேட்டரி பெரும்பாலும் குற்றவாளியல்ல, குற்றத்தால் பாதிக்கப்பட்டது என்பது அவர்களுடைய முதல் சித்தாந்தம். ஆகவே அவர்கள் பேட்டரியைக் கடைசியில்தான் சந்தேகிப்பார்கள். முதலில் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கினால் பெல்ட் வழுக்குகிறது, டைனமோ சுழலவில்லை என்று அர்த்தம். பிறகு பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பூவைச் சுடுநீரால் கழுவி, முனைகளைச் சுரண்டிப் பூட்டுவார்கள். வேதாரண்யத்து உப்பு ஏற்றிவரும் லாரியாக இருந்தால் எர்த் பட்டையைத்தான் முதலில் அவிழ்ப்பார்கள். உப்புக்காற்று பட்ட இரும்பு மேலுக்கு ஒட்டியிருப்பதுபோல் தோன்றினாலும் மின்சாரத்தைக் கடத்தாது.

இவ்வளவிலும் குற்றம் அகப்படாவிட்டால் டைனமோவின் பின்புறத்தில் உள்ள இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, அந்த இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, அதற்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட்மீட்டரையோ, மீட்டர் இல்லாதவர்கள் ஒரு பல்பையோ கட்டி, இஞ்சினைச் சற்றே உயர்த்துவார்கள். முள் விறுவிறுவென்று மேலேறினால் டைனமோ நிரபராதி. கட்-அவுட் பெட்டியைப் பார்க்க வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட்டோடு நின்றுவிட்டால் ஃபீல்டு சுருளில் பழுது. நாலைந்து வோல்ட்டோடு நின்றால் ஆர்மேச்சரில் பழுது. ஒரு முள் எங்கே நிற்கிறது என்பதிலிருந்து, மூடிய இரும்புக் கூட்டுக்குள் எந்தச் சுருள் எரிந்திருக்கிறது என்று சொல்லுகிற இந்த அனுமானத்தைத் தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள் கண்டிருந்தால் மெச்சியிருப்பார்கள்.

ஆர்மேச்சர் வெளியே வந்தபின் நடக்கும் வேலையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். கம்யூட்டேட்டர் என்பது செப்புத் துண்டுகளை வட்டமாக அடுக்கி, துண்டுக்குத் துண்டு நடுவே அப்பிரகத் தகடு வைத்த உருளை. பிரஷ் உரசி உரசிச் செம்பு தேயும், அப்பிரகம் தேயாது, நாளடைவில் அப்பிரகம் எழும்பி நின்று பிரஷ்ஷைச் செம்பின்மேல் படியவிடாமல் தடுக்கும். கடைசலில் கொடுத்துச் செம்பைச் சமமாக்கிய பிறகு, ஹாக்ஸா பிளேடு ஒன்றின் பக்கங்களைச் சாணையில் தேய்த்து மெல்லியதாக்கி, ஒவ்வொரு இடுக்கிலும் அப்பிரகத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்துக்கு அறுத்தெடுப்பார்கள். கை ஒரு மயிரிழை பிசகினால் செம்பில் கீறல் விழும். பிறகு, அடியிலிருந்து காந்தம் ஊட்டும் குரோலர் என்ற கருவியின்மேல் ஆர்மேச்சரை வைத்து, மெல்லிய பிளேடு ஒன்றை அதன் முதுகில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்புவார்கள். சுருள் நல்லதானால் பிளேடு சும்மா இருக்கும், கம்பிகள் ஒன்றோடொன்று கலந்த இடம் வந்ததும் படபடவென்று துடிக்கும். மின்விசிறிக்கும் பம்புசெட்டுக்கும் வைண்டிங் செய்தவர்களே ஆர்மேச்சருக்கும் கம்பி சுற்றினார்கள். வயலுக்கு நீர் இறைத்த மோட்டாரும் வண்டிக்கு மின்சாரம் கொடுத்த டைனமோவும் ஒரே பட்டறையில் ஒரே கையால் உயிர்பெற்றன. எல்லாவற்றையும் பூட்டியபின், பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து ஃபீல்டு முனையில் கண நேரம் தொட்டு ஒரு பொறி பறக்கவிடுவார்கள். இரும்பில் காந்தம் எந்தத் திசையில் நிற்கவேண்டும் என்பதை அந்தப் பொறிதான் நிர்ணயிக்கும்.

இந்த வித்தைக்குப் பெரிய ஆதரவு பஸ் கம்பெனிகளிடமிருந்து கிடைத்தது. தனி மனிதரின் கார் நின்றால் ஒரு குடும்பத்துக்குச் சிரமம். பஸ் நின்றால் ட்ரிப் போயிற்று, வசூல் போயிற்று. டெல்டாவில் பஸ் வழித்தடம் எவ்வளவு மதிப்புள்ள சொத்தாக இருந்தது என்பதற்கு, சாலியமங்கலம்–குடவாசல் வழித்தடத்தின் பர்மிட்டைப் பற்றிய தகராறு சுப்ரீம் கோர்ட்டுவரை சென்று 1956-இல் தீர்ப்பானதே போதுமான சாட்சி. கும்பகோணத்து ராமன் அண்டு ராமன் கம்பெனி அந்த வழக்கில் ஒரு கட்சி. 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. ஜனங்கள் அதை இன்றும் ‘சி.ஆர்.சி.’ என்றே சொல்லுகிறார்கள். இதனிடையே 1961-இல் லூகாஸ் கம்பெனியும் டி.வி.எஸ். ஸ்தாபனமும் கூடிச் சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். என்ற நிறுவனத்தை ஏற்படுத்தின. டைனமோவும் ஸ்டார்ட்டரும் கப்பலேறி வரவேண்டிய அவசியம் குறைந்தது. புதுக்கோட்டை ரஸ்தாவில் கார்பைடு விளக்கோடு பஸ் விட்டவரின் பெயர், அரை நூற்றாண்டுக்குள் டைனமோவின் தலையிலேயே பொறிக்கப்பட்டது.

அதற்கு முந்தைய வருஷந்தான், 1960-இல், அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியண்ட் காரில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரை வைத்தது. இந்தப் புதுக்கருவி இஞ்சின் மந்தமாக ஓடும்போதும் மின்சாரம் கொடுக்கும், கம்யூட்டேட்டர் கிடையாது, உற்பத்தியாகிற மாறுமின்னோட்டத்தை ஆறு சிலிக்கன் டையோடுகள் நேராக்கிக் கொடுக்கும், பேட்டரி திரும்ப இறங்காமல் டையோடுகளே தடுத்துவிடுவதால் கட்-அவுட்டும் வேண்டாம். டெல்டாவின் மெதுவான ரஸ்தாக்களுக்கு இதைவிடத் தக்க கருவி வேறில்லை. ஆயினும் அது இங்கே வந்து பரவியபோது, முதலில் அதைக் கெடுத்தது பழைய வித்தைதான்.

டைனமோ காலத்தில், இஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது பல டிரைவர்களுக்குப் பழக்கம். இஞ்சின் நிற்காமல் ஓடினால் டைனமோ வேலை செய்கிறது என்று அறிந்துகொள்வார்கள். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் அழுத்தம் ஒரே கணத்தில் தாவி டையோடுகளைச் சுட்டுவிடும். அதுபோலவே, பழைய இங்கிலீஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை எர்த் செய்திருந்தார்கள். பிற்கால வண்டிகளில் நெகட்டிவ் முனை எர்த். பழக்கதோஷத்தால் பேட்டரியை மாற்றிப் பூட்டினால் டைனமோவானால் ஒரு பொறி பறக்கவிட்டுச் சரிசெய்துகொள்ளலாம், டையோடு பொறுக்காது. பல வருஷ அனுபவமே சத்துருவாக வந்து நின்ற இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் தொழிலில் நிலைத்தார்கள். தாண்டாதவர்கள் ஹாரனுக்கும் விளக்குக்கும் ஒயர் இழுப்பதோடு நின்றுவிட்டார்கள்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-உம் அதன் பின்வந்த கார்களும் ரெகுலேட்டரை ஆல்டர்னேட்டரின் உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தன. திறந்து பார்ப்பதற்கு அதிகம் இல்லை. மொத்தமாகக் கழற்றி மொத்தமாக மாற்றுவதே வழக்கமாயிற்று. அம்பாஸடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றது. பழைய பேட்டரிகளைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்று 2001-இல் மத்திய சர்க்கார் விதி செய்தபின், கீல் உருக்கிய பட்டறைகளும் மறைந்தன. அவற்றுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் வோல்ட்மீட்டரின் முள்ளைப் பார்த்துக் காரணத்தைத் தேடுகிற நிதானமும் அவற்றோடு சேர்ந்து போனதுதான் நஷ்டம். இன்று வண்டி கிளம்பாவிட்டால் நேரே பேட்டரி கடைக்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்குகிறோம். இரண்டு வாரத்தில் அதுவும் படுத்தால் கம்பெனியைத் திட்டுகிறோம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தபோது, பல நாட்கள் இருளில் கிடந்த டெல்டா கிராமங்களில் டிராக்டரையும் காரையும் ஓடவிட்டுக் கைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். ரேடியோப் பேட்டரியை வில்வண்டியில் ஏற்றி அனுப்பிய தலைமுறையின் பேரர்கள் அவர்கள்.

கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். ராத்திரி முழுதும் நின்ற வண்டியில் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். இஞ்சினைக் கிளப்பி மறுபடி பாருங்கள். பதிமூன்றே முக்காலுக்கும் பதினாலரைக்கும் நடுவே காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. பதிமூன்றைத் தாண்டவே இல்லையென்றால் பெல்ட்டையும் ஒயர்களையும் பிரஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள். பதினைந்தைத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, எந்தப் புதுப் பேட்டரியையும் அது கொதிக்கவைத்துவிடும். இந்த இரண்டு அளவையும் எடுக்காமலே புதுப் பேட்டரியைத் தூக்கி வைக்கிற கடையாக இருந்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வேறு கடைக்குப் போய்விடுங்கள்.